அந்தச் சீட்டில் இன்னும் நாலு வரி

குமுளி மலைக்கு மேலேயும் கீழேயும் பிரசவம் பார்க்கிற டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் வணக்கம்.

வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். என் தம்பிக்கு 20 வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. குறி கேட்டு, கயிறு கட்டி ஒரு வருடத்தை வீணாக்கிவிட்டுத்தான் மனநல டாக்டரிடம் போனோம். அவர் எங்கள் அம்மாவிடம் கேட்டவற்றில் ஒன்று: "பிறந்ததும் அழுதானா?"

ஆடி மழையில் ஜீப்பில் மலை இறங்கியது, பிள்ளை நீலம் பாரித்துப் பிறந்தது, கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. அம்மாவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எத்தனை நிமிடம் கழித்து அழுதான், ஆக்சிஜன் வைத்தார்களா என்பதெல்லாம் தெரியாது. கொடி சுற்றிய பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்று எண்ணெய்க் கிண்ணத்தில் முகம் பார்க்க வைத்தார்களே, அது மட்டும் கிழமையோடு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்ததோ 'ஆண் குழந்தை, தாயும் சேயும் நலம்' என்ற ஒரே வரி.

அந்தக் கேள்வி எதற்கு என்று அப்புறம்தான் புரிந்தது. ஹிப்போகாம்பஸ் என்று மூளையில் ஒரு பகுதி. நினைவுக்கு முக்கியமானது, ஆக்சிஜன் குறைந்தால் முதலில் அடிபடுகிற இடங்களில் ஒன்று. இந்த நோய் உள்ளவர்களிடம் அது சராசரியாகச் சற்றுச் சிறுத்தும், மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகள் சற்று விரிந்தும் இருக்கின்றன. 1990-ல் அமெரிக்காவில் 15 ஜோடி ஒற்றைக்கரு இரட்டையரை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்கு மட்டும் நோய். 14 ஜோடிகளில் நோயுள்ளவருக்கே இடப்பக்க ஹிப்போகாம்பஸ் சிறியது. மரபு ஒன்றாக இருந்தும் மூளை வேறுபட்டிருக்கிறது என்றால், மரபைத் தாண்டியும் ஏதோ நடந்திருக்க வேண்டும். அந்த 'ஏதோ'வில் பிரசவச் சிக்கலும் ஒன்றாக இருக்கலாம்.

இருக்கலாம், அவ்வளவுதான். இதைச் சொன்ன அன்றிலிருந்து அம்மா, நிறைமாதத்திலும் கொழுந்து கிள்ளப் போனதை நினைத்து அழ ஆரம்பித்துவிட்டாள். டாக்டர் பொறுமையாகக் கணக்குச் சொன்னார். இந்த நோய் சுமார் 100 பேரில் ஒருவருக்கு வருகிறது. சிக்கலான பிரசவத்தால் அது இரண்டு மடங்கே ஆனாலும், அப்படிப் பிறந்த 100 பேரில் 98 பேருக்கு வராது. ஸ்கேனை மட்டும் பார்த்து இன்னாருக்கு இந்த நோய் என்று சொல்லவும் முடியாது. அம்மா தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். எடை, எத்தனை வாரத்தில் பிறந்தது, எப்போது அழுதது, பிள்ளையின் மூச்சு, இதயத் துடிப்பு, நிறம் போன்றவற்றைப் பார்த்து 1-வது நிமிடத்திலும் 5-வது நிமிடத்திலும் போடுகிற அப்கார் மதிப்பெண். இந்த நாலையும் சீட்டில் எழுதுங்கள். ஆஸ்பத்திரி நோட்டில் எழுதுகிறீர்கள், தெரியும். அது எங்கள் கைக்கு வருவதில்லை. நாங்கள் தேனியில் பெற்று இடுக்கியில் வளர்க்கிறவர்கள், சிலர் நேர்மாறாக. இருபது வருடம் கழித்து எந்த ஆஸ்பத்திரியில் போய் அந்த நோட்டைத் தேடுவது? முடிந்தால் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள். கூடவே, சிக்கல் இருந்திருந்தால் 'இது தாயின் தவறல்ல' என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

தங்கைக்கு மாசியில் பிரசவம், கம்பத்தில்தான் பார்க்கிறோம். லேமினேட் போடக் கடை இப்போதே பார்த்து வைத்துவிட்டேன்.