1922ஆம் ஆண்டின் கவிதைகள்: உன் பட்டியலுக்குச் சில திருத்தங்கள்

அன்புள்ள யாழினி,

ஆண்டு மலருக்காக நீ தயாரித்திருக்கும் 1922ஆம் ஆண்டு உலகக் கவிதைப் பட்டியலை இரண்டு முறை படித்தேன். 31 நூல்கள். உன் உழைப்பு தெரிகிறது, அம்மா. ஆனால் ஒவ்வொரு நூலுக்கும் ஒரே ஒரு தேதிதான் போட்டிருக்கிறாய். பிசகு அங்கேதான் தொடங்குகிறது. கவிதை நூல் என்றால் மூன்று தேதிகள் வேண்டும்: எழுதிய காலம், இதழில் முதலில் வந்த மாதம், நூலாக வந்த மாதம். இவற்றை ஒன்றாகக் கலந்துவிட்டால், அந்த ஆண்டு வாசகர் கையில் உண்மையில் எது இருந்தது என்பதே மாறிப்போகும்.

முதலில் ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே. ‘டுயினோ எலிஜிகள்’, ‘ஆர்ஃபியஸுக்கான சானெட்டுகள்’ இரண்டையும் 1922இன் வெளியீடுகளாகச் சேர்த்திருக்கிறாய். எலிஜிகளை, அதாவது இரங்கற்பாக்களை, அவர் 1912இல், ஏட்ரியாட்டிக் கடலோரம் இருந்த டுயினோ கோட்டையில் தொடங்கினார். நடுவில் உலகப்போர் வந்தது, பல ஆண்டுகள் எழுத்து நின்றுபோனது. சுவிட்சர்லாந்தின் முஸோட் என்ற சிறு கோட்டை வீட்டில், 1922 பிப்ரவரியில்தான் பத்து எலிஜிகளும் முழுமை பெற்றன. பதினான்கு வரிக் கவிதைகளான 55 சானெட்டுகளும் அதே மாதத்தில் பிறந்தவை. கவிதை வரலாற்றில் அப்படியொரு மாதம் அபூர்வம், அதைப் பற்றி நீ ஒரு பத்தி எழுதத்தான் வேண்டும். ஆனால் இரு நூல்களும் லைப்சிக்கின் இன்ஸல் பதிப்பகத்திலிருந்து வந்த ஆண்டு 1923. ‘1922இல் எழுதியவை’ என்று தனித்தலைப்பு கொடுத்து அங்கே வை.

ரஷ்யக் கவிஞர் பாஸ்தர்நாக்குக்கு இதற்கு நேர்மாறான தவறு நடந்திருக்கிறது. ‘வாழ்வெனும் என் சகோதரி’ 1917 கோடையில் எழுதியது என்பதால் அதை நீக்கிவிட்டாய். புரட்சி, உள்நாட்டுப் போர், காகிதப் பஞ்சம் எல்லாம் கடந்து அது மாஸ்கோவில் நூலானது 1922இல்தான். அதுவரை கையெழுத்துப் பிரதிகளாகச் சுற்றிவந்தது. ஐந்தாண்டு தாமதத்தைச் சொல்லி அதைச் சேர்த்துவிடு. தலைப்பிலும் கவனம் வேண்டும். ‘என் சகோதரியின் வாழ்க்கை’ என்று சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. ரஷ்ய மொழியில் வாழ்க்கை என்ற சொல் பெண்பால். கவிஞர் அந்த வாழ்க்கையையே சகோதரி என்று அழைக்கிறார். வேற்றுமை உருபு ஒன்று கூடினால் நூலின் பொருளே போய்விடும்.

‘பாழ்நிலம்’ பற்றி நீ எழுதியிருக்கும் நான்கு வரியில் மூன்று திருத்தங்கள். டி. எஸ். எலியட்டின் அந்தக் கவிதை லண்டனில் ‘கிரைட்டீரியன்’ முதல் இதழில் அக்டோபரிலும், நியூயார்க்கில் ‘டயல்’ இதழில் நவம்பரிலும் வந்தது. கிரைட்டீரியனின் அந்த முதல் இதழ் ஏறத்தாழ 600 பிரதிதான். இரண்டு இதழிலும் அடிக்குறிப்புகள் இல்லை. டிசம்பரில் போனி அண்ட் லிவரைட் 1,000 பிரதி நூலாகப் போட்டபோதுதான் குறிப்புகள் சேர்ந்தன, ஏனென்றால் தனி நூலாக்கக் கவிதையின் நீளம் போதவில்லை. ஆகவே ‘குறிப்புகளோடு வந்து வாசகரைத் திகைக்கவைத்தது’ என்ற உன் வாக்கியம் அக்டோபர் வாசகருக்குப் பொருந்தாது. அவர்கள் எந்தத் துணையும் இல்லாமல்தான் படித்தார்கள். எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் தன் ஹோகார்த் அச்சகத்தில் கையால் எழுத்துக்கோத்த பதிப்பு 1923 செப்டம்பரில் வந்தது, ஏறத்தாழ 460 பிரதி. அது உன் ஆண்டுக்குள் வராது. கவிஞர் எஸ்ரா பவுண்டுக்கான காணிக்கையும் 1922 நூலில் இல்லை, 1925 தொகுப்பில்தான் அச்சானது.

வரி எண்ணிக்கையை 433 என்று போட்டிருக்கிறாய். கடைசி வரிக்கு அந்த எண்தான் அச்சில் இருக்கிறது. ஆனால் எண்ணியபோது இடையில் ஒரு வரி பிசகியதால் உண்மையில் 434. ‘கடைசி வரியின் எண் 433’ என்று எழுதினால் சரி, ‘433 வரிகள்’ என்று எழுதினால் சரியில்லை. சின்ன விஷயம்தான். ஆனால் எண்ணிப் பார்ப்பவர் ஒருவர் இருப்பார், அவர் அதன்பிறகு மற்ற எண்களையும் நம்பமாட்டார்.

என் கணக்கில் அந்த ஆண்டின் மிகத் துணிச்சலான நூல் ‘டிரில்சே’. செசார் வயேஹோவின் அந்த நூலுக்கு நீ ஒரே வரிதான் கொடுத்திருக்கிறாய், அதுவும் பிழையோடு: ‘சிறையிலிருந்தபடி அச்சிட்டார்’. நடந்தது வேறு. 1920 நவம்பரில் பெருவின் டிரூஹியோ நகரில் அவரைச் சிறையிலடைத்தார்கள், 112 நாள். 1921 பிப்ரவரியில் வெளியே வந்துவிட்டார். நூல் அச்சானது 1922 அக்டோபரில், லிமாவில், அங்கிருந்த சிறைச்சாலையின் அச்சகத்தில். கைதிகள் வேலை செய்யும் அச்சகம், வெளியாருக்கும் அச்சிட்டுத்தந்தது. அச்சகத்தின் பெயரைப் பார்த்தவர்கள் இரண்டு சிறைகளையும் ஒன்றாக்கிவிட்டார்கள். 200 பிரதிகள், 77 கவிதைகள், ஒன்றுக்கும் தலைப்பு கிடையாது, ரோமன் எண்கள் மட்டும். சில கவிதைகள் அந்தச் சிறைநாட்களில் எழுந்தவை. எழுத்துக்கூட்டலை உடைப்பார், வரி நடுவே எண்களைச் சொருகுவார், இலக்கணத்தை வேண்டுமென்றே முறிப்பார். நூலின் பெயரே அவர் உண்டாக்கிய சொல், மொழிபெயர்க்க முயலாதே, அப்படியே வை. தமிழில் ஒரு கவிதையைத் தரப்போகிறாய் என்றால் உடைந்த இடத்தை ஒழுங்காக்கிவிடாதே. அவர் ஒரு சொல்லைத் தவறாக எழுதியிருந்தால் தமிழிலும் அங்கே ஒரு சொல் தவறாகத்தான் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் வயேஹோ இருக்கமாட்டார், நல்ல தமிழில் ஒரு சாதாரணக் கவிதை இருக்கும்.

அச்சான ஊர் என்று ஒரு கட்டத்தைப் பட்டியலில் கூட்டிக்கொள். 1922இல் அது நிறையச் சொல்லும். ரஷ்யக் கவிஞர் மண்டேல்ஷ்டாமின் ‘ட்ரிஸ்டியா’ வந்தது பெர்லினில், பெட்ரோபொலிஸ் பதிப்பகத்தில். கவிஞர் அப்போது அங்கே இல்லை. பண்டைய ரோமக் கவிஞர் ஓவிட்டின் நூற்பெயரை நினைவூட்டும் அந்தத் தலைப்பைக் கொடுத்தவர் கவிஞர் குஸ்மின். ஆகவே ‘மண்டேல்ஷ்டாம் ஓவிட்டைப் பின்பற்றி நூலுக்குப் பெயரிட்டார்’ என்ற வாக்கியத்தை எடுத்துவிடு. ஓவிட்டின் நிழல் கவிதைகளில் உண்டு, அதைச் சொல்லலாம். அடுத்த ஆண்டு மாஸ்கோவில் திருத்திய வடிவம் வந்தபோது அதன் பெயர் ‘இரண்டாம் நூல்’. கப்ரியேலா மிஸ்ட்ரல் சிலி நாட்டுப் பள்ளியாசிரியை. அவருடைய முதல் நூல் ‘தெஸொலாசியோன்’ வந்ததோ நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய இலக்கியம் கற்பித்த ஃபெதெரிகோ தெ ஓனீஸின் முயற்சியால். அதிலுள்ள ‘மரணத்தின் சானெட்டுகள்’ 1914இலேயே சான்டியாகோவில் பரிசு பெற்றவை. ‘புதிய குரல்’ என்று எழுதியிருக்கிறாய். நூல்தான் புதிது. எட்டு ஆண்டாக அவரை ஸ்பானிய உலகம் அறிந்திருந்தது.

ரஷ்யக் கவிஞர் மரீனா ஸ்வெதாயேவாவுக்கு ‘வியோர்ஸ்தி’ என்று ஒரே பெயரில் இரண்டு நூல்கள். 1921இல் வந்தது 1917 முதல் 1920 வரையிலான கவிதைகள். 1922இல் வந்தது 1916இன் கவிதைகள். பின்னால் வந்த நூலில் முந்தைய கவிதைகள்! நீ மேற்கோள் காட்டும் கவிதை எதில் இருக்கிறது என்று பொருளடக்கத்தைப் பார்த்துச் சரிசெய். அவர் ரஷ்யாவைவிட்டுக் கிளம்பியது 1922 மே மாதம்.

ஆசிய மொழிகளில் நாள்காட்டி குறுக்கே வரும். வங்கக் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாமின் ‘அக்னிவீணா’வில் வங்க ஆண்டு 1329, கார்த்திக் மாதம். அது 1922 அக்டோபர். வங்க ஆண்டு ஏப்ரல் நடுவில் பிறக்கும், ஆகவே 593ஐக் கூட்டினால் போதும் என்று நினைக்காதே. ஜனவரி முதல் ஏப்ரல் நடுவரை 594 கூட்டவேண்டும். அந்நூலின் ‘வித்ரோஹி’ கவிதை 1921 டிசம்பர் கடைசியில் எழுதியது, 1922 ஜனவரியில் ‘பிஜ்லி’ வார இதழில் வந்தது. அதாவது அக்டோபர் வாசகருக்கு அது பழகிய கவிதை, ஜனவரியிலேயே வெடித்துவிட்டது. செப்டம்பரில் தன் ‘தூமகேது’ இதழில் எழுதிய வேறொரு கவிதைக்காக நவம்பரில் கைதானார். 1923 ஜனவரியில் ஓராண்டுக் கடுங்காவல் தண்டனை. தண்டனைக்குக் காரணம் ‘வித்ரோஹி’ என்று எழுதிவிடாதே, பலரும் இடறும் இடம் இது. பாரசீகத்தில் நீமா யூஷிஜின் ‘அஃப்சானே’ 1301ஆம் ஆண்டுக்குரியது. அவர்கள் ஆண்டு மார்ச்சில் தொடங்குவதால் அது 1922, 1923 இரண்டிலும் விழும். ‘1922–23’ என்று கோடிட்டு எழுதுவதே நேர்மை.

கொரியாவின் கிம் சோவொலை நீ விட்டுவிட்டாய். ‘ஜின்தல்லே மலர்கள்’ 1922 ஜூலையில் ‘கேப்யோக்’ இதழில் வந்தது, அதே பெயரிலான நூல் 1925 டிசம்பரில். இரண்டிலும் பாடம் ஒன்றல்ல. இன்று எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வது நூலின் வடிவம். இதழ் வடிவம் கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்தச் சொல் மாறியது என்று பார். விட்டுப்போகும் ஒருவர் காலடியில் பூவைத் தூவும் பெண்ணின் குரல் அது, நம் பாலைத்திணை வாசகருக்கு விளக்கவே வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாக முடி. வலேரியின் ‘ஷார்ம்’ பிரான்ஸில், அதன் ‘கடலோரக் கல்லறை’ 1920இலேயே இதழில் வந்தது. பிரேசிலில் சாவ் பாவ்லோவின் நவீனக் கலை வாரம் பிப்ரவரியில், மாரியோ தெ அந்த்ராதேயின் ‘பாவ்லிசேயா தெஸ்வைராதா’ அதே ஆண்டில். கிளாட் மெக்கேயின் ‘ஹார்லம் ஷேடோஸ்’, ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனின் கறுப்பினக் கவிதைத் தொகைநூல் இரண்டையும் சேர்த்தே பேசு. பாரதி மறைந்த மறு ஆண்டு செல்லம்மா வெளியிட்ட ‘சுதேச கீதங்கள்’ இந்த வரிசையில் இருக்கவேண்டியதே. ஆனால் மறைவுக்குப் பிந்தைய நூல் என்பதைக் குறிப்பிடு.

ஒருவரை மட்டும் சுருக்காதே, ஆங்கிலக் கவிஞர் ஹௌஸ்மன். அவருடைய ‘கடைசிக் கவிதைகள்’, 41 கவிதைகள், ‘பாழ்நிலம்’ இதழில் வந்த அதே அக்டோபரில் வந்தது. முந்தைய நூலுக்கு 26 ஆண்டு கழித்து. முன்னுரையிலேயே தேதியைச் சொல்லிவிடுகிறார்: கால்பங்கு அந்த ஆண்டு ஏப்ரலில் எழுதியது, பெரும்பகுதி 1895க்கும் 1910க்கும் இடைப்பட்டது. அன்று ஆங்கிலக் கவிதை வாசகர்களில் மிகப் பலர் வாங்கிப் படித்தது இதைத்தான். பின்னாளில் பெரிதானவற்றை மட்டும் வைத்து ஆண்டை எழுதினால் அந்த ஆண்டில் வாழ்ந்த வாசகர் காணாமல் போய்விடுவார்.

பரிசுகளுக்கு இரண்டு வரி போதும். அந்த ஆண்டு இலக்கிய நோபல் நாடகாசிரியர் பெனவென்தேவுக்கு, புலிட்சர் கவிதைப் பரிசு எட்வின் ஆர்லிங்டன் ராபின்சனுக்கு. உன் பட்டியலின் பெரும் பெயர்கள் எதுவும் அதில் இல்லை.

இனி வேலை. நூலுக்கு ஒரு குறிப்பு அட்டை எழுது: மூன்று தேதி, ஊர், பதிப்பகம், பிரதி எண்ணிக்கை, கவிதை எண்ணிக்கை, முன்பு வந்த இதழ். தலைப்புப் பக்கத்தின் ஆண்டை மட்டும் நம்பாதே. ஆண்டுக் கடைசியில் அச்சாகும் நூலில் அடுத்த ஆண்டைப் போடுவது பல பதிப்பாளர் வழக்கம். பிரெஞ்சு நூல்களில் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார், அச்சு முடிந்த நாள் இருக்கும். மறுபதிப்பின் பின்னட்டை வாசகத்திலிருந்து தேதி எடுக்கவே கூடாது. கட்டுரை 3,000 சொல் என்றால் ஆறு நூலுக்குத் தலா 300, மிச்சத்தில் மற்ற எல்லாம். 31ஐயும் சமமாகப் பங்கிட்டால் நூலுக்கு நூறு சொல்கூட வராது, அது விலைப்பட்டியல்போல் இருக்கும்.

மெய்ப்பு வந்ததும் அட்டைகளோடு சேர்த்து அனுப்பு. ரஷ்யப் பெயர்களின் எழுத்துக்கூட்டலை மட்டும் நான் பார்த்துத் தருகிறேன். வயேஹோ மொழிபெயர்ப்பை யாருக்கும் காட்டித் திருத்தவேண்டாம், முதலில் எனக்கு அப்படியே அனுப்பு.

அன்புடன்,
அப்பா