தீபாவளிக்கு முந்தின படங்கள்

மயூர் விஹார், தில்லி
7 செப்டம்பர் 2025

அன்புள்ள கண்ணா,

நேற்று உங்கள் டொராண்டோ திரைப்பட விழாவில் ஷோலே போட்டிருப்பார்களே, போனாயா? படம் வந்து ஐம்பது வருஷம் கழித்துப் புதுப்பித்த பிரதி, அதுவும் ராய் தாம்சன் ஹால் மாதிரி ஓர் இடத்தில். எமர்ஜென்சி சமயத்தில் சென்சார் சொன்னதால் மாற்றி வைத்த கிளைமாக்ஸை நீக்கிவிட்டு, முதலில் எடுத்ததையே சேர்த்திருக்கிறார்களாம். அதில் தாக்கூரே கொள்ளைக்காரன் கப்பரைக் கொன்றுவிடுகிறார். டிக்கெட் கிடைக்காமல் போயிருந்தால் பரவாயில்லை. நான் எழுத உட்கார்ந்தது இனிமேல் வரப்போகிற படங்களுக்காக.

யமுனை வெள்ளம் வடிய ஆரம்பித்துவிட்டது. நம் வீட்டுப் பக்கம் ஒன்றும் இல்லை, கவலைப்படாதே. ஆற்றங்கரையில் குடிசை போட்டிருந்தவர்கள்தான் பாவம், இன்னும் சாலையோரக் கூடாரங்களில் இருக்கிறார்கள். இன்று ராத்திரி கிரகணம் என்பதால் சமையலைச் சீக்கிரமே முடித்துவிட்டேன். நாளையிலிருந்து மகாளய பட்சம்.

பிள்ளையார் சதுர்த்திக்கும் தீபாவளிக்கும் நடுவில் வருகிற வாரங்கள் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு, உனக்குத் தெரியும். பொங்கலையும் தீபாவளியையும் பெரிய நடிகர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். கதையை நம்பி எடுத்த படங்களுக்குக் கிடைப்பது இந்த நடுவாந்திரம்தான். 2018ஐ எடுத்துக்கொள். செப்டம்பர் 28 பரியேறும் பெருமாள், அக்டோபர் 4 தொண்ணூற்றாறு. ஒரே வாரத்துக்குள் இப்படி இரண்டு படம்! பிறகு போன வருஷம் செப்டம்பர் 27ஆம் தேதி, தொண்ணூற்றாறு எடுத்த அதே பிரேம்குமாரின் மெய்யழகன். நீடாமங்கலத்துக் கல்யாண மண்டபத்தைப் பார்த்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் இடைவேளை வரை பேச்சே இல்லை.

அந்தப் படத்தை வைத்துத்தான் உன்னிடம் ஒன்று கேட்க நினைக்கிறேன். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடிய படம் அது. நீளம் என்று சிலர் குறை சொன்னதும், வெளியான பிறகு 18 நிமிஷத்துக்கு மேல் வெட்டிவிட்டார்கள். தியேட்டரில் முழுசாகப் பார்த்தது முதல் சில நாளில் போனவர்கள் மட்டும்தான். நாங்கள் போயிருந்தோம். நீ போனில் வரட்டும் என்று காத்திருந்து, பிறகு பாதி பாதியாக மூன்று ராத்திரி பார்த்ததாகச் சொன்னாய். அவசரமே இல்லாமல் ஒருவன் இன்னொருவன் மேல் அன்பு காட்டுகிற கதையை மெட்ரோவில் நின்றுகொண்டு பார்க்க முடியாது கண்ணா. உன்னைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. உனக்கு அது முழுசாகக் கிடைக்காமல் போனது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இந்த வருஷம் அப்படி விட வேண்டாம். தனுஷ் எழுதி, இயக்கி, நடிக்கிற இட்லி கடை அக்டோபர் 1ஆம் தேதி வருகிறது. நித்யா மேனன் இருக்கிறார், ராஜ்கிரணும் இருக்கிறார். ப. பாண்டியில் ராஜ்கிரணை அவ்வளவு மரியாதையாகக் காட்டியவர் தனுஷ் என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை. அன்று இங்கே சரஸ்வதி பூஜை. புத்தகத்தைத் தொடக்கூடாது, ஆனால் படம் பார்க்கத் தடையில்லை. கொலு வைத்திருப்பதால் சாயங்காலம் யாராவது வெற்றிலை பாக்குக்கு வந்துகொண்டே இருப்பார்கள். மறுநாள் தசரா, ராவணனைக் கொளுத்துகிற கூட்டத்தில் சாலையில் நகரவே முடியாது. அதனால் காலைக் காட்சிக்கே நொய்டா போய்விடலாம் என்றிருக்கிறோம். தில்லியில் தமிழ்ப் படத்துக்கு நாளுக்கு ஒன்றிரண்டு காட்சி கொடுத்தாலே பெரிது, அடுத்த வெள்ளிக்கிழமை அதையும் எடுத்துவிடுவார்கள். டிக்கெட் வரி இந்த மாதம் 22ஆம் தேதியிலிருந்து 5 சதவீதமாகக் குறைகிறது என்று பக்கத்து வீட்டு மாமி சந்தோஷமாகச் சொன்னார். நூறு ரூபாய்க்குள் இருக்கிற டிக்கெட்டுக்குத்தான் அந்த 5 சதவீதம். மால் டிக்கெட்டுக்குப் பழைய 18 சதவீதமேதான்.

உங்கள் பக்கம் ரிச்மண்ட் ஹில்லில் யார்க் சினிமாஸில் தமிழ்ப் படம் போடுகிறார்களே, அங்கே போ. முதல் நாள் ராத்திரியே பிரீமியர் இருக்கும். எங்களுக்கு முன்னால் பார்த்துவிட்டால் கதையை மட்டும் சொல்லாதே, அப்பாவுக்குக் கோபம் வரும்.

அதற்கு முன்னால் இந்த மாதம் 19ஆம் தேதி ஜாலி எல்எல்பி 3 என்ற இந்திக் கோர்ட் படம். மகாளய பட்சத்தில் பெரிய படம் இறக்க இந்திக்காரர்கள் தயங்குவார்கள், இவர்கள் துணிந்திருக்கிறார்கள். எனக்கு வக்கீல்களைவிட நீதிபதியாக வருகிற சௌரப் சுக்லாவைத்தான் பிடிக்கும். முதல் படத்துக்கு அவர் தேசிய விருது வாங்கினார். இது சிரித்துவிட்டு வருகிற படம், நீ தவறவிட்டாலும் ஒன்றும் குறையாது.

மாரி செல்வராஜின் பைசனை மட்டும் விடாதே. தீபாவளிக்கு, அக்டோபர் 17ஆம் தேதி. கபடி விளையாடுகிற பையன் கதையாம், விக்ரமின் மகன் துருவ் நடிக்கிறார். செப்டம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் தன் முதல் படமான பரியேறும் பெருமாளோடு அமைதியாக வந்த மாரி செல்வராஜுக்கு இன்று தீபாவளியையே கொடுத்திருக்கிறார்கள். அதைப் படித்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அந்தப் படத்தை நீயும் நானும் சேர்ந்துதானே பார்த்தோம். வெளியே வந்து மெட்ரோ ஏறி வீடு வந்து சேரும் வரை நீ வாயைத் திறக்கவில்லை. சாப்பிடும்போதுதான் ஆரம்பித்தாய், பன்னிரண்டு மணி வரை நிறுத்தவில்லை. அந்தப் பேச்சு எனக்கு வேண்டும். போனில் "சாப்பிட்டியா, குளிர் எப்படி" என்று கேட்டுவிட்டால் அதற்கு மேல் நம் இருவருக்கும் விஷயம் கிடைப்பதில்லை. இரண்டு பேரும் ஒரே வாரத்தில் ஒரே படத்தைப் பார்த்திருந்தால் நிச்சயம் கிடைக்கும்.

அக்டோபர் 5 ஞாயிறு. உனக்குக் காலை ஒன்பது என்றால் எங்களுக்கு மாலை ஆறரை, கொலுவும் எடுத்து வைத்தாகிவிட்டிருக்கும். அதற்குள் இட்லி கடை பார்த்துவிடு, நான் கூப்பிடுகிறேன். வேலை இருந்தால் இப்போதே சொல், வேறு நாள் வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா