‘ரிப்போர்ட் எல்லாம் நோர்மல்’ என்றால் அதோடு சரியா?

சுகாதார அமைச்சின் மனநலப் பிரிவில் பொறுப்பிலிருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை செய்கிறேன். பழைய பயத்தை உடம்பில் சுமந்துகொண்டிருப்பவர்களுக்கு உடம்பு வழியாகவே உதவும் சிகிச்சையை மருத்துவமனைகளில் தொடங்கும்படி கேட்கவே இதை எழுதுகிறேன். கழுத்துப் பிடிப்பு, இடுப்பு வலி என்று வருகிறவர்களில் சிலருடைய வலிக்கு எக்ஸ்ரேயில் காரணம் கிடைப்பதில்லை. கூடவே நெஞ்சுப் படபடப்பு, பெருமூச்சு, உடம்பெல்லாம் எரிவு. இசிஜி எடுத்திருப்பார்கள், இரத்தமும் சோதித்திருப்பார்கள். “ரிப்போர்ட் எல்லாம் நோர்மல், யோசிக்காதீங்க” என்று சொல்லி ஓர் அட்டை மாத்திரையோடு அனுப்பியிருப்பார்கள்.

அப்படி வந்த ஒரு பெண், கதவு தெரிகிற கதிரையில்தான் உட்காருவார். தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியே இருக்கும். ஒருநாள் பக்கத்துக் கடை ஷட்டரை யாரோ சடாரென்று இழுத்தார்கள். அவர் மூச்சு அப்படியே நின்றது, விரல்கள் கட்டில் விளிம்பை இறுகப் பிடித்தன. என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி, பாதங்களைச் சீமெந்துத் தரையில் அழுத்தச் சொன்னேன். அறையில் நீல நிறத்தில் என்னென்ன இருக்கின்றன என்று பார்க்கச் சொன்னேன். அப்புறம், மூச்சை இழுப்பதைவிட விடுவதைக் கொஞ்சம் நீட்டச் சொன்னேன். தோள் மெல்ல இறங்கியது. பெரிய கொட்டாவி ஒன்று வந்தது, அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அது எந்த ஆண்டின் பயம்? கொழும்புத் தமிழருக்கு 1983 ஜூலை இருக்கிறது. வன்னியிலிருந்து வந்தவர்களுக்கு 2009. கொச்சிக்கடைக்காரருக்கு, தேவாலயத்தில் குண்டு வெடித்த 2019 ஏப்ரல் 21. ஆபத்து வரும்போது ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகிறது. இரண்டும் முடியாமல் உறைந்துபோனவர்களுக்கு, ஆபத்து போன பிறகும் அந்தத் தயார்நிலை அடங்குவதில்லை என்பது உளவியலாளர் பீட்டர் லெவின் உருவாக்கிய, உடம்பின் உணர்வுகள் வழியாகச் சிகிச்சை செய்யும் ‘சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்’ முறையின் அடிப்படை. நடந்ததை விவரிக்காமலே சிகிச்சையைத் தொடங்கலாம் என்பது இதில் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தன் வாழ்க்கையின் மிக மோசமான நாளைச் சொல்லவேண்டிய தமிழருக்கு அது எத்தனை ஆறுதல்!

ஆதாரம் கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். லெவின் முறை பற்றி 2017இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வில் 63 பேர் பங்கேற்றார்கள். 15 அமர்வுகளில் அறிகுறிகள் நன்றாகவே குறைந்தன. 2014இல் அமெரிக்காவில் வெளியான யோகா ஆய்வில் பங்கேற்றவர்கள் 64 பெண்கள். பத்து வாரங்களின் முடிவில் யோகா செய்தவர்களில் 52 வீதமானோருக்கும் மற்றக் குழுவில் 21 வீதமானோருக்கும் பிடிஎஸ்டி (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல்) என்ற நோயறிதல் பொருந்தாமல் போனது. இரண்டும் சிறிய ஆய்வுகள். உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்த சிகிச்சைகளை எடுத்துவிட்டு இதை வையுங்கள் என்று நான் கேட்கவில்லை, பக்கத்தில் வையுங்கள் என்கிறேன். யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு பணியாற்றியவர்களும் போர்க்காலத்திலேயே மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம், மந்திரம், ஜெபம், திக்ர் என்று அவரவர் சமயத்துக்கு ஏற்றபடி மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். புதிதாக எதையும் இறக்குமதி செய்யத் தேவையில்லை.

நான் மனநல மருத்துவர் அல்ல. தரையில் பாதத்தை ஊன்றவைப்பது வரைதான் என் வேலை, அதற்கு மேல் அனுப்பத்தான் வேண்டும். “அங்கொடைக்கா அனுப்புறீங்க?” என்று அங்குள்ள மனநல மருத்துவமனையை நினைத்துக் கேட்டுவிட்டு, அடுத்த தடவை வராமலே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கொழும்பு 7 பக்கம் நடக்கிற இந்தமாதிரிச் சிகிச்சைப் பட்டறைகளில் நான் போனவை எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தன. கட்டணத்தைக் கேட்டாலே இன்னொரு படபடப்பு வரும்.

ஆகவே, வெளிநோயாளர் பிரிவுக்குப் பக்கத்திலேயே, மனநலம் என்ற பலகை மாட்டாத ஓர் அறையில், தமிழ் பேசும் தாதியரையும் இயன்மருத்துவர்களையும் பயிற்றி, மனநல மருத்துவரின் மேற்பார்வையில் இதைத் தொடங்குங்கள். பயிற்சியில் கறாராக இருங்கள். லெவின் முறைக்கான முழுப் பயிற்சியே மூன்று ஆண்டுகள். இரண்டு நாள் சான்றிதழோடு யாரையும் நோயாளியிடம் விடாதீர்கள். “கண்ணை மூடுங்கள்” என்று எல்லாருக்கும் ஒரேயடியாகச் சொல்லக்கூடாது, கண்ணைக் கட்டிக் கொண்டுபோகப்பட்டவர்களும் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். தொடுவதற்கு ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்கவேண்டும். காலி வீதி நெடுக ‘ஸ்பா’ பலகைகளைப் பார்த்துப் பழகிய ஊரில் தொடுகைச் சிகிச்சை என்றாலே பெண்கள் தயங்குவார்கள், அது நியாயம்தான். பெண்களுக்குப் பெண்களே இருக்கட்டும். தொடாமலே செய்யக்கூடியவைதான் அதிகம் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வடகொழும்பில் தொடங்குவதாக இருந்தால், வேலை முடிந்த பின் மாலையில் வந்து உதவ நான் தயார்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனை இயன்மருத்துவர் ஒருவர்