ஆறு மில்லிமீட்டர் வாட்டர்லூ

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் ரயில் ஏறுகிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மகள் கல்யாணத்தைப் பற்றி நீ புலம்பியிருந்ததைப் படித்து என் மனைவி சிரித்தாள். "பெண்ணுக்குப் பிடித்துவிட்டது, இவருக்கு வேறென்ன வேண்டுமாம்" என்பது அவள் தீர்ப்பு. இங்கே எல்லோரும் நலம். மழைக்கு முன்பே மாடியறையின் ஒழுகலை அடைத்துவிட்டோம். இப்போது அங்கே நெப்போலியன் குடியிருக்கிறார், வாடகை தராமல்: 1815-இல் அவர் தோற்ற வாட்டர்லூ போரை ஆறு மில்லிமீட்டர் பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு மேசை விளையாட்டாக அமைத்துக்கொண்டிருக்கிறேன்.

"பொம்மைக்குப் பெயின்ட் அடிப்பதென்றால் கண்ணுக்குத் தெரிகிற அளவிலாவது வாங்கக் கூடாதா, இந்த வயதில் எறும்புக்குச் சட்டை தைக்கிறாயே" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். 28 மில்லிமீட்டர் பொம்மைக்கு மீசை வரையலாம், பொத்தான் வைக்கலாம், கன்னத்துக்குச் சிவப்பு ஏற்றலாம். ஆனால் அந்த அளவில் மேசை நிறைய அடுக்கினாலும் ஏதோ தெருச் சண்டை போலத்தான் தோன்றும். ஆறு மில்லிமீட்டரில் பட்டாலியன் பட்டாலியனாக, அதாவது சில நூறு பேர் கொண்ட படைப்பிரிவுகளாக, நிறுத்தலாம். குன்றின் மேல் குதிரையில் இருக்கும் தளபதிக்குத் தெரிவதுதான் நமக்கும் தெரியும்: நிறக் கோடுகள், கொடிகள், இடைவெளிகள். மனிதனை வரைவதை விட்டுவிட்டுப் பட்டாலியனை வரையத் தொடங்கியதும் இந்த அளவு ஏன் என்பது எனக்குப் புரிந்துபோயிற்று.

வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஈயக் கலவையில் வார்த்த சிப்பாய்கள் நால்வர் நால்வராக ஒரே பட்டையில் வருவார்கள். பட்டைகளை ஐஸ் குச்சியில் ஒட்டி, கறுப்பு பிரைமர் (அடிப்பூச்சு) பூசுவேன். கறுப்பே நிழலாக நின்றுகொள்ளும். பிரஷ் புடைப்பான இடங்களை மட்டும் தொட்டுப் போக வேண்டும். சட்டைக்கு உண்மையான நிறத்தை எடுத்தால் காரியம் கெட்டது. இவ்வளவு சிறிய உருவத்தில் எல்லா நிறமும் இருண்டுவிடும். அதனால் சீருடையின் அசல் நீலத்தைவிட இரண்டு படி வெளிறிய நீலம், அசல் சிவப்பைவிடக் கண்ணைப் பறிக்கும் சிவப்பு. மார்பின் குறுக்கே போகும் இரண்டு வெள்ளை வார்கள்தான் உயிர்நாடி. அவை ஒழுங்காக விழுந்துவிட்டால் முகம் வெறும் புள்ளியாக இருந்தாலும் போதும், கண் மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

பிரெஞ்சுக்காரர்களிடம் ஒரு வேடிக்கை உண்டு. 1808 சீரமைப்புக்குப் பிறகு ஒரு பட்டாலியனில் ஆறு கம்பெனிகள். அவற்றில் நான்கு சாதாரணக் கம்பெனிகளுக்கும் தொப்பிக் குஞ்சத்தில் தனித்தனி நிறம்: கரும்பச்சை, வான்நீலம், ஆரஞ்சு, ஊதா. பல்குத்தும் குச்சி முனையால் ஒரு துளி வைத்தால் முடிந்தது. பக்கத்தில் நின்று பார்த்தால் புள்ளி, நான்கடி தள்ளி நின்றால் பட்டாலியன் கம்பெனி கம்பெனியாகப் பிரிந்து நிற்கும். ஆனால் 1815-இல் பலர் மேலங்கியோடும் தொப்பிக்கு உறை போட்டும்தான் போரிட்டார்கள். ஆகவே என் ரெஜிமென்ட்களில் பாதி சாம்பலும் பழுப்புமாக நிற்கின்றன. சோம்பேறித்தனமும் சரித்திரமும் கைகோத்துக்கொள்ளும் அபூர்வமான இடம் இது.

நீலத்தைப் பற்றி இன்னொன்று. 1806-இல் நெப்போலியன் தன் காலாட்படைக்கு வெள்ளைச் சட்டை என்று உத்தரவு போட்டார். காரணம் அவுரிச் சாயத் தட்டுப்பாடு. கடல் பிரிட்டன் கையில் இருந்தது, அவுரி விளைந்த ஹெய்டியும் விடுதலை பெற்றுக் கைநழுவிவிட்டது. 1807 பிப்ரவரியில் எய்லாவ் போர்க்களத்துப் பனியில் சில ரெஜிமென்ட்கள் வெள்ளையிலேயே போரிட்டன. அந்தத் துணியில் ரத்தம் தெரிந்த கோலம் பேரரசருக்கே பொறுக்கவில்லை என்று சொல்வார்கள். அந்த ஆண்டே நீலம் திரும்பிவந்தது. ஒரு வெள்ளைப் பட்டாலியன் செய்ய எனக்கும் ஆசைதான். வாட்டர்லூவில் அதற்கு இடமில்லை.

பிரிட்டிஷ் பக்கம் முதலில் முடித்தது 33-வது ரெஜிமென்ட். அது வாட்டர்லூவில் நெப்போலியனை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனே முன்பு தலைமை தாங்கிய ரெஜிமென்ட். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மேல் போன படையில் அதுவும் இருந்தது. அந்தப் படை திரண்டது வேறெங்குமில்லை, நாம் சைக்கிளில் சுற்றித் திரிந்த வேலூரில்! கோட்டை அகழிக் கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்ற நாட்களில் இதை யாராவது சொல்லியிருந்தால் சரித்திரப் பாடத்தில் இன்னும் கொஞ்சம் மதிப்பெண் வாங்கியிருப்பேன். மற்ற ரெஜிமென்ட்களுக்குக் கழுத்துப் பட்டையும் கைமடிப்பும் மஞ்சள், பச்சை என்று வேறு வேறு நிறம். 33-க்கு அதுவும் சிவப்பே. ரெஜிமென்ட் கொடி வெள்ளையில் சிவப்புச் சிலுவை. நிஜத்தில் ஏறத்தாழ ஆறடிச் சதுரம், ஆகவே என் கொடியும் சிப்பாய் உயரத்துக்கு, ஆறு மில்லிமீட்டர். காகிதத்தில் வரைந்து, பசை காயும் முன் குண்டூசியில் சுற்றி அலை அலையாக மடிக்க வேண்டும். விறைப்பாக விட்டால் கொடியாகத் தெரியாது, அறிவிப்புப் பலகையாகத்தான் தெரியும்.

ஆனால் உண்மையான வேலை சிப்பாய்களை ஒட்டி நிறுத்தும் அடித்தட்டில்தான் இருக்கிறது. இதைப் பலர் கடைசி நேர ஒப்பேற்றலாக நினைக்கிறார்கள். என் தட்டு 60 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் ஆழம். முன்னால் பன்னிரண்டு பேர், பின்னால் பன்னிரண்டு பேர். ஐந்நூறு பேர் கொண்ட பட்டாலியன் இரட்டை வரிசையில் நின்றால் சுமார் 140 மீட்டர் அகலம் பிடிக்கும்; என் 60 மில்லிமீட்டர் அதற்கு ஈடு. அந்தக் கணக்கில் என் சிப்பாய் ஒவ்வொருவனும் பதினான்கு மீட்டர் உயரம்! தட்டின் ஆழம் எழுபது மீட்டர். நிஜ வரிசைக்கோ சில மீட்டர்தான் வேண்டும். மீதி இடம் முழுவதும் வெறும் நிலம். அந்த நிலத்தில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. கடையில் கிடைக்கும் பச்சைப் புல்தூளைத் தூவிவிட்டால் பூங்காவில் அணிவகுப்பு நடப்பது போலாகிவிடும்.

போர் நடந்தது ஜூன் 18. 17-ஆம் தேதி பிற்பகலிலிருந்து இரவு முழுவதும் மழை. ரை என்ற கோதுமை போன்ற பயிர் ஆள் உயரத்துக்கு நின்றது. 16-ஆம் தேதி, பக்கத்திலிருந்த காட்ர் பிராவில் நடந்த சண்டையில் அந்தப் பயிர் பார்வையை மறைத்ததும் சேர்ந்துதான் பிரெஞ்சுக் குதிரைப்படை பிரிட்டிஷ் தரப்பில் ஹால்கெட்டின் பிரிகேடை (சில பட்டாலியன்கள் சேர்ந்த படையை) நெருங்கிவந்து உடைத்தது. அந்த பிரிகேடில்தான் 33-ம் இருந்தது. பக்கத்தில் நின்ற 69-வது ரெஜிமென்ட் மன்னர் கொடியையே பறிகொடுத்தது. எனவே என் தட்டுகளில் பெவிகாலும் சலித்த மணலும் பூசி, காய்ந்ததும் கரும்பழுப்பு மை ஓடவிட்டு, மேட்டில் மட்டும் உலர்ந்த பிரஷால் வெளிர் மஞ்சள் தேய்க்கிறேன். படை நடந்து போன இடத்தில் பயிர் சாய்ந்து கிடக்க வேண்டும், முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டும். நிமிர்ந்த பயிருக்கு என்ன பொருள் தெரியுமா? வாசலில் போடும் தேங்காய் நார் மிதியடி! கத்தரித்து ஒட்டினால் ரை வயலேதான். பழைய மிதியடி காணாமல் போன விஷயம் வீட்டில் இன்னும் விசாரணையில் இருக்கிறது, இதை நீ யாரிடமும் சொல்லாதே.

இதிலெல்லாம் எனக்கு முன்னோடி வில்லியம் சைபார்ன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1830-இல் போர்க்களத்திலேயே இருந்த லா ஹே சாந்த் பண்ணை வீட்டில் மாதக் கணக்கில் தங்கிப் போர்க்களத்தை அளந்தார். போரில் இருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, மாலை ஏழு மணி அளவில் நீங்கள் எங்கே, எந்த அமைப்பில் நின்றீர்கள் என்று கேட்டார். பதில்கள் நூற்றுக்கணக்கில் குவிந்தன. அவர் செய்த போர்க்கள மாதிரியுருவம் 1838-இல் லண்டனில் காட்சிக்கு வந்தது. 70,000-க்கும் அதிகமான பொம்மைகள், ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் உயரம். நிலத்தின் அளவு சுமார் 600-இல் ஒன்று, மேடுபள்ளத்துக்கோ 180-இல் ஒன்று. அவரும் பொய்க்கணக்குப் போட்டுத்தான் உண்மையைக் காட்ட முடிந்தது. கைக்காசைப் போட்டுக் கடனாளி ஆனதோடு, வெலிங்டன் தரப்பின் மனத்தாங்கலையும் சம்பாதித்துக்கொண்டார். வெலிங்டனுக்குத் துணையாக வந்த பிரஷ்யர்களை (ஜெர்மானியப் படையை) அதிகமாகக் காட்டிவிட்டார் என்று குறை. கடைசியில் பிரஷ்யப் பொம்மைகளைக் குறைக்க வேண்டியதாயிற்று. எனக்கென்னவோ அவருடைய முதல் கணக்கின் மேல்தான் நம்பிக்கை.

அந்த மாதிரியுருவம் இப்போது லண்டன் செல்ஸியில், தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உன் வீட்டிலிருந்து ஒரு ரயில் பயணம்தானே, முழங்காலுக்கும் பயிற்சி ஆயிற்று. போனால் பொம்மைகளை விட்டுவிடு; வயல்களுக்கு என்ன நிறம் தீட்டியிருக்கிறார், மிதிபட்ட இடத்தை எப்படிக் காட்டியிருக்கிறார் என்று பார். பிளான்சென்வா கிராமத்துப் பக்கம், அதாவது பிரஷ்யர்கள் வரும் பக்கம், நாலைந்து படம் எடுத்து அனுப்பு.

டிசம்பரில் வரும்போது முனை கலையாத நல்ல பிரஷ் இரண்டு வாங்கி வா, ஒன்றாம் நம்பர். பூஜ்யம் வேண்டாம், அதில் பெயின்ட் தொடுவதற்குள் காய்ந்துவிடுகிறது. அதற்குள் பிரஷ்யத் தளபதி புளூகரின் ஆட்களை முடித்துவிடுவேன் என்று நினைக்கிறேன். எந்தப் பக்கம் ஆடப்போகிறாய் என்று இப்போதே எழுது. பிரெஞ்சு வேண்டுமென்றால் தருகிறேன், ஆனால் பிரஷ்யர்கள் எத்தனை மணிக்கு வருவார்கள் என்பதைப் பகடைதான் சொல்லும், நான் சொல்ல மாட்டேன்.

தங்கைக்கும் மகளுக்கும் எங்கள் அன்பு.

என்றும் உன்,
பழைய பெஞ்சுத் தோழன்