லொறியில் ஏறச் சொன்னது

பொபினி,
பிரான்ஸ்,
ஞாயிறு இரவு

மச்சான் யோகன்,

திட்டத் தொடங்காதே. எட்டு மாதமாக எழுதவில்லை என்று எனக்கே தெரியும். நீ அனுப்பிய புழுக்கொடியல் கிடைத்தது. பாதி மாவாகத்தான் வந்தது, அதையும் விட்டுவைக்கவில்லை. இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் குசினியில் பத்து மணித்தியாலம் நிற்க மாட்டேன் என்கிறது. குண்டன் கனடாவில் மூன்றாவது வீடு வாங்கிவிட்டானாம். கணக்கு வாத்தியார் கேட்டால் மயங்கி விழுவார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சின்னவளுக்குப் பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் இரண்டாம் உலகப்போர். ஒரு வீடியோவைப் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஜினெத் கொலின்கா என்ற யூத அம்மா பேசுகிறார். வேலையால் வந்த நான் சோற்றுக் கோப்பையோடு அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். சோறு ஆறிப்போனது.

1944 மார்ச்சில் ஹிட்லரின் ஆட்களிடம் பிடிபட்டபோது அவருக்கு 19 வயது. அப்பா, 12 வயதுத் தம்பி, சகோதரியின் மகன் எல்லோரும் கூடவே. பாரிஸுக்குப் பக்கத்து டிரான்சி முகாமில் வைத்திருந்து, ஏப்ரல் 13ஆம் திகதி 71ஆம் இலக்க ரயிலில் 1,500 பேரோடு ஏற்றினார்கள். எந்த ஸ்டேஷன் என்று நினைக்கிறாய்? பொபினி! என் வீட்டிலிருந்து நடந்து போகலாம். இத்தனை வருஷமாக நான் அந்தப் பக்கத்தால்தான் வேலைக்குப் போய் வருகிறேன், மச்சான்.

போய்ச் சேர்ந்தது போலந்தில் நாஜிகளின் கொலைமுகாமான பிர்கெனாவுக்கு. இறங்கியதும், முகாம் தூரம், களைத்தவர்கள் லொறியில் வரலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். அப்பாவும் தம்பியும் பாவம், சோர்ந்துபோய் நிற்கிறார்களே என்று இவர்தான் அவர்களை ஏறச் சொல்லியிருக்கிறார். ஒரு முத்தம்கூடக் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் காணப்போகிறோம்தானே. லொறி நேரே நச்சுவாயு அறைக்குப் போனது. இதை அழாமல், கடைக்குப் போய் வந்த கதை மாதிரிச் சொல்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை.

அதே ரயிலில் வந்த சிமோன் வேய், பிறகு பிரான்ஸில் மந்திரியானவர், முகாமில் இவருக்கு ஒரு சட்டை கொடுத்தாராம். அந்தச் சட்டையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் முகம் மாறுகிறது.

திரும்பி வந்தபோது 26 கிலோ. அப்பாவையும் தம்பியையும் எரித்துவிட்டார்கள் என்று தாயிடம் முகத்துக்கு நேரே சொன்னார். அதோடு சரி, ஐம்பது வருஷம் போல வாய் திறக்கவில்லை. மற்றவர்களுக்கு ஏன் கரைச்சல் என்று. ஓபர்வில்லியே சந்தையில் காலுக்குப் போடும் மேசும் பெனியனும் விற்றுக்கொண்டிருந்தார். ஓபர்வில்லியே, நாங்கள் ஏழு பேர் ஒரு அறைக்குள் கிடந்த அதே ஊர். 1990களில் சினிமா இயக்குநர் ஸ்பீல்பேர்க் தொடங்கிய அமைப்பு சாட்சியம் கேட்டு வந்தபோதுதான் பேசினார். வயது 70 தாண்டிவிட்டது. அப்புறம் ஒவ்வொரு பள்ளிக்கூடமாகப் போனார், பிள்ளைகளைப் பிர்கெனாவுக்கே கூட்டிக்கொண்டு போனார். இந்தப் பச்சைப் புல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள், அன்றைக்கு இது வெறும் சேறு என்று அவர்களுக்குச் சொல்கிறார்.

வீடியோ முடிந்ததும் சின்னவள் கேட்டாள்: "அப்பா, நீங்கள் ஏன் ஒன்றும் சொல்கிறதில்லை?"

நான் எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவினேன். கழுவிய கோப்பையைத் திரும்பவும் கழுவினேன்.

அவர்களுக்கு நடந்தது வேறு, எங்களுக்கு நடந்தது வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு விருப்பமில்லை. அதற்கு ஃபேஸ்புக்கில் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த லொறி என்னை விடுகிறதாக இல்லை. 95 ஒக்டோபர், யாழ்ப்பாணமே சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்த இரவு, நாவற்குழிப் பாலம், அந்த மழை, நான் அம்மம்மாவிடம் சொன்னது. நீ பக்கத்தில் நின்றாய்.

லீவுக்கு ஜூலையில் வருகிறோம். அவளைப் பாலத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போவோமா? நீ தொடங்கு. வாத்திதானே, தொடங்கினால் நிறுத்தத்தான் உனக்குத் தெரியாது. அம்மம்மாவின் இடம் வந்ததும் நான் சொல்கிறேன். முடியாது என்றால் நேரே எழுது, கோபிக்க மாட்டேன்.

அடுத்த முறை புழுக்கொடியலை டின்னில் போட்டு அனுப்பு.

உன்
ரவி