மேசன் தடை இன்னும் இருக்கிறது

ஆசிரியருக்கு,

பிரீமேசன் சங்கத்தில் (இரகசியச் சடங்குகளோடு இயங்கும் சகோதரத்துவ அமைப்பு அது) கத்தோலிக்கர் சேரலாமா என்று கொட்டாஞ்சேனைப் பக்கம் கேட்டால், ‘அந்தத் தடையெல்லாம் எப்பவோ எடுத்தாச்சு’ என்கிறார்கள். எடுக்கவில்லை. 1738இல் பாப்பரசர் 12ஆம் கிளமெந்து போட்ட தடை அது. 1983 திருச்சபைச் சட்டத்தில் சங்கத்தின் பெயர் விடுபட்டதால் வந்த குழப்பம்தான் இது, ஆனால் அதே ஆண்டு நவம்பரில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத் தலைவர் கர்தினால் ராட்சிங்கர் (பின்னாளில் பாப்பரசர் 16ஆம் பெனடிக்ட்) கையெழுத்திட்ட அறிவிப்பு, சேர்ந்தவர் நற்கருணை வாங்கக்கூடாது என்றதோடு, அதைத் தளர்த்த உள்ளூர் திருச்சபை அதிகாரிகளுக்கு உரிமையில்லை என்றும் சொல்லிவிட்டது. 2023இல் பிலிப்பைன்ஸ் ஆயர் ஒருவர் கேட்டபோதும் வத்திக்கானின் பதில் அதேதான், குருக்களுக்கும் சேர்த்து. சரி, அப்புறம் ஏன் பிரசங்கத்தில் ஒரு வார்த்தையும் இல்லை? நன்கொடை தருகிற பெரிய மனிதர்களைச் சங்கடப்படுத்தக்கூடாது என்ற தயவு போலத்தான் எனக்குப் படுகிறது. கேட்கிறவர்களுக்காவது பங்குத்தந்தையர் நேராகப் பதில் சொல்லட்டும்.

ஒரு வாசகர்,
கொழும்பு 13