எட்டு மாட்டு நிலம், மேற்கு அறை

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அயர்லாந்தின் கிளேர் பக்கம் கிராமத்துக் கல்யாணத்துக்குப் போகிறாய் என்றாய். அங்கே முன்பு சம்பந்தம் எப்படிப் பேசி முடித்தார்கள் என்று தெரிந்துகொண்டு போம்மா.

1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பிறகு நிலத்தைப் பிள்ளைகளுக்குத் துண்டு போடுவது பெரும்பாலும் நின்றது. முழு நிலமும் ஒரே மகனுக்கு. அதுவும் பெரும்பாலும் அவன் கல்யாணத்தை ஒட்டித்தான் கைமாறும். அதனால் பெண் வீட்டார் முதலில் நிலத்தைத்தான் விசாரிப்பார்கள். எத்தனை மாடு மேயும்? ஊற்று உண்டா? ரோட்டிலிருந்து எவ்வளவு உள்ளே? உள்ளே தள்ளிய இடத்துக்குச் சீதனம் குறையும்.

1930களில் கிளேரில் ரோட்டோரம் எட்டு மாட்டு நிலம் என்றால் பையன் வீட்டார் 350 பவுண்டு கேட்பார்கள், பெண்ணின் அப்பா 250 என்பார். பையன் வீட்டார் 50 இறங்குவார்கள். மிச்சம் 50-ஐத் தரகர் பாதியாக்கி 275-இல் முடிப்பார். அந்தப் பணம் பையனின் அப்பா கைக்குப் போய், பெரும்பாலும் பையனின் தங்கையைக் கட்டிக்கொடுக்கவோ இளையவனைக் கப்பலேற்றவோ செலவாகும். ஒரு வீட்டில் பேச்சு முறிந்தால் அடுத்த வீட்டுக் கல்யாணமும் தள்ளிப்போகும்.

பேச்சு முடிந்தாலும் பெண்ணின் அப்பா நிலத்தை நடந்து பார்க்காமல் ஒப்பமாட்டார். பக்கத்து வீட்டு மாடுகளை ஓட்டிவந்து காட்டி ஏமாற்றியதும் உண்டு.

பிறகு வக்கீலிடம் பத்திரம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான். பையனின் அப்பா அம்மா அடுப்புச் சுவருக்குப் பின்னாலுள்ள மேற்கு அறைக்கு மாறுவார்கள். அந்த அறை, ஒரு பசுவுக்கு மேய்ச்சல், உருளைக்கிழங்கு, குளிர் காய எரிபொருள், ஞாயிறு பூசைக்கு வண்டியில் இடம் என்று வரிவரியாக எழுதி வைப்பார்கள். பிள்ளையின் நல்ல மனசை நம்பி விட்டுவிடவில்லை. அடுப்படி யாருக்கு என்பதை மட்டும் எந்தப் பத்திரமும் தீர்க்காது. மாமியார் மருமகள் சண்டை அங்கேதான் மூளும்.

அந்தக் காலத்தில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலத்தில் கோயிலில் மணம் செய்து வைக்கமாட்டார்கள். அதனால் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் முடியும் ஜனவரி 6-க்குப் பிறகு கல்யாணங்கள் நெருக்கியடிக்கும். ஈஸ்டர் சீக்கிரம் வரும் வருடத்தில் நாள் போதாது. அதற்குள் கல்யாணம் ஆகாதவர்கள் முதுகில் தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று சாக்பீஸால் கோடு போடுவார்கள். நிலம் கைக்கு வராமல் காத்திருப்பவனை அப்படிக் கேலி செய்தது கொடுமை.

விருந்தின் நடுவே, கூம்பு வைக்கோல் தொப்பியால் முகம் மூடியவர்கள் நுழைந்தால் பயப்படாதே. அழைக்காமல் வருவதுதான் அவர்கள் வழக்கம். மணப்பெண்ணோடு ஆடிவிட்டுப் போய்விடுவார்கள். யாரென்று அடையாளம் தெரிந்தாலும் பேர் சொல்லிக் கூப்பிடாதே.

அன்புடன்,
அப்பா